பவளராணியின் மூக்கு

— நகப்பூச்சு.

— என்னக்கா?

— ரெண்டாவது கிளாஸ். நகப்பூச்சுப் போத்திலைத் திறந்த உடனை ஒரு மணம் அடிக்குமெல்லே, அது. கிளாஸைச் சுழட்டிப்போட்டு வைக்க, பின்னாலை மெல்ல மெல்ல வருது.

— இன்னொரு தடவை மோந்து பாருங்க. அது நீரோ தாவோலா ஒயின். சிசிலியிலேர்ந்து வந்த டாங்க், இருபத்துநாலாயிரம் லிட்டர். பதினோரு மணிக்கு பாட்டில்ல ரொப்ப ஆரம்பிக்கணும்.

— மூண்டு தரம் மணந்திட்டன் சீதாராமன். மேல எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. நாவற்பழம், அதிமதுரம், கொஞ்சம் மிளகு. ஆனா அடியில உது இருக்கு. உங்கட நாக்கு என்ன சொல்லுது?

— புளிப்பு தூக்கலா இருக்கு. ஓரத்துல சுருக்குனு குத்துது. ஆக்சுவலா அந்த வருஷம் அங்க தாங்க முடியாத வெயில். பழம் அவ்வளவு பழுத்தா புளிப்பு கம்மியால்ல இருக்கணும்?

— பிறகென்ன, அது வினாகிரிப் பக்கம் போக வெளிக்கிட்டிட்டுது. நிப்பாட்டுங்கோ.

— நிறுத்தி வைக்கவும்னு எழுதிட்டேன். லேப் நம்பர் வரட்டும். நீங்க சொல்லலேன்னா கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்க்கா. எனக்கு அதுல ஒண்ணுமே தெரியல. வெந்நீரை மோந்து பாத்த மாதிரிதான் இருந்துது.

— சரி, கெதியாய் மற்றதைத் தாங்கோ. ஒன்பதரைக்குக் கன்டீனுக்கு வரச் சொல்லியிருக்கினம். கேக் வாங்கியிருக்கினமாம். இருபத்தேழு வருஷம் போத்தில் லைன்ல நிண்டவளுக்கு ஒரு கேக்.

— தோள் எப்படி இருக்கு?

— இஞ்ச பாருங்கோ, இவ்வளவுதான் தூக்க ஏலும். தலை வாரி இழுக்க மகள் வரோணும். டொக்டர் எழுதித் தந்திட்டார், கொம்யூன் கந்தோரும் பென்சனுக்கு ஓம் எண்டிட்டுது, இனி வீட்டில இருக்க வேண்டியதுதான். கவலையில்லைத் தம்பி. களைச்சுப் போனன். மூண்டாவதைத் தாங்கோ.

— இந்தாங்க.

— இது நிறமே மெல்லிசு. ம்... செர்ரி. சும்மா சொல்லக்கூடாது, வடிவான மணம். செர்ரி, பிறகு சாமிக்குப் போட்டு வாடத் தொடங்கின ரோசாமாலை. மழை விழுந்த மண்ணும் கொஞ்சம்.

— செராசுவோலோ தி வித்தோரியா. பேருக்கு அர்த்தமே செர்ரிதான். நீரோ தாவோலாவோட ஃப்ராப்பாத்தோன்னு ஒரு திராட்சையைக் கலப்பாங்க. ரோஸ் அதோடதுதான்.

— சிசிலியில பெரிய பட்டம் கிடைச்சது உதுக்கு மட்டுந்தான் எண்டு முந்திச் சொன்னீங்கள்.

— ஞாபகம் வெச்சிருக்கீங்களே! ஆமா, அந்த முத்திரை அங்க இது ஒண்ணுக்குத்தான். இந்தத் திராட்சை, இந்த அளவு, இந்த ஊர் எல்லைக்குள்ளன்னு சட்டமே இருக்கு. ஒண்ணு தப்பினாலும் அந்தப் பேரைப் போட முடியாது.

— எங்கட விசாக் கடதாசி மாதிரி.

— அதேதான்.

— என்ன எழுதினீங்கள்?

— செர்ரி, காய்ந்த ரோஜா, மினரல்.

— மண் எங்கை?

— அதுதான்க்கா மினரல். நீங்க மண்ணுன்னு சொன்னா இந்த ஊர்க்காரங்க மினரல்னு படிப்பாங்க. போன மாசம் சூப்பர் மார்க்கெட்ல ஒரு பாட்டிலைத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி டேனிஷ்ல போட்டிருந்தது முழுக்க நீங்க சொன்னது. பேரீச்சம்பழம், வறுத்த கொட்டை, எல்லாம். பக்கத்துல ஒரு அம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு அதைப் படிச்சுட்டு ரெண்டு பாட்டில் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

— நான் நாக்கில ஒரு துளி வைக்காத சாமான். என்ர மனுசன் அறிஞ்சால் சிரிப்பார்.

— அவருக்கு இன்னும் தெரியாதா?

— காலமை கிளாஸ் கழுவப் போறன் எண்டுதான் அவருக்குச் சொன்னது. நாங்கள் மனேஜர் பிர்கிதேக்குச் சொன்ன அதே கதை. நாலாவது மார்சாலா வைனோ?

— எப்படித் தெரிஞ்சுது? இன்னும் கிட்டவே கொண்டு வரலையே.

— மேசைக்கு அங்காலை இருந்தே வருதே. கருக்கின சீனி, பாதாம்பருப்பு, ஊறப்போட்ட பிளம்ஸ். பிராண்டே ஊரில என்ர தங்கச்சி நத்தார்ப் பண்டிகைக்கு ரிச் கேக் போடுவா. அவவின்ர குசினிக் கதவைத் திறந்தா உதே மணந்தான். எழுதுங்கோ, பிழையில்லை. நல்ல மார்சாலா.

— அக்கா.

— ம்.

— நான் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

— என்னத்தை?

— மூக்கு போனதை. மூணு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியலைங்கறதை. கதவுல சீஃப் டேஸ்டர்னு என் பேரைப் போட்டுக்கிட்டு, உள்ள உங்க மூக்கை வெச்சு வேலை பாக்கறதை.

— விசர்க்கதை கதையாதேங்கோ.

— நாளைலேர்ந்து நீங்க இல்லை. இந்த டாங்க் மாதிரி இன்னொண்ணு வந்தா யார் நிறுத்துவா?

— லேப் இருக்குத்தானே.

— லேப்ல எல்லாம் தெரியாதுக்கா. முதல் நாள் ஞாபகமில்ல? டிரேயைத் தூக்கிட்டு உள்ள வந்தீங்க. ஒரு கிளாஸ்கிட்ட நின்னு, இதென்ன ஈரக் கார்ட்போர்ட் பெட்டி மாதிரி மணக்குதுன்னு கேட்டீங்க. அது கார்க்ல வந்த பழுது. அந்த நானூறு பெட்டிக்கு லேப் நம்பர் அத்தனையும் சரியா இருந்துது. நானும் சரின்னு எழுதியிருந்தேன்.

— நீங்கள் அண்டைக்கு அழுதது ஞாபகம் இருக்கு.

— அழல.

— சரி, அழேல்லை.

— கொரோனா வந்து பத்து நாள்ல போன வாசனை, வந்துடும் வந்துடும்னு பாத்தேன். டாக்டர் குடுத்த அந்த நாலு எண்ணெயை காலையும் மாலையும் மோந்தேன். ரோஜா, கிராம்பு, எலுமிச்சை, இன்னொண்ணு. எதுவும் இல்லை. வீட்ல பால் திரிஞ்சா தெரியல. ப்ரியா சாம்பார் வெச்சுட்டு எப்படி இருக்குன்னு கேப்பா. சூப்பர்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. பாப்பா குளிச்சுட்டு வந்து மடியில உக்காருவா. தலையை மோந்து பாக்கறேன். ஒண்ணுமில்ல. அது கூடப் பரவால்ல. இங்க வந்து உக்காந்து, புருவத்தைச் சுளிச்சு, யோசிக்கிற மாதிரி நடிக்கிறேன் பாருங்க, அதுதான் முடியல. எனக்கு அலுத்துப் போச்சுக்கா.

— உங்கட நிரந்தர வதிவிடத்துக்கு இன்னும் எத்தினை மாசம்?

— பதினொண்ணு.

— பதினொரு மாசம். ஏழு வருஷம் இருந்தாச்சு, உதை இழுத்துவிட ஏலாதோ? இந்த வேலைக்குத்தானே உங்களுக்கு விசா. வேலை போனா, அதுவும் மூக்கில்லாத டேஸ்டர் எண்டு போனா, வேற ஆர் எடுப்பினம்? கொஞ்ச மாசம் தருவாங்கள். பிறகு பெட்டியைக் கட்டு எண்டுவாங்கள். பிள்ளை இஞ்ச ரெண்டாம் வகுப்புப் படிக்குது. அதுக்குத் தமிழைவிட டேனிஷ்தானே வருது.

— ப்ரியாகிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லிட்டேன்.

— ஐயோ. என்ன சொன்னா?

— முதல்ல சாம்பாருக்காக அழுதா. மூணு வருஷமா பொய் சொல்லியிருக்கியேன்னு. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, போய்ச் சொல்லிடு, ஊருக்குப் போனா போறோம், இப்படி மூஞ்சியை வெச்சுக்கிட்டு நீ வீட்டுக்கு வர்றதை என்னால பாக்க முடியலன்னா.

— அவ சின்னப்பிள்ளை. கடதாசிக்காகக் காத்திருக்கிறது எப்பிடி எண்டு அவவுக்குத் தெரியாது. நான் தொண்ணூறாம் ஆண்டு வந்தனான். அகதிக் கேஸ் முடியும் வரைக்கும் பெட்டியில இருந்து ஒரு சீலையை வெளியில எடுத்து வைக்கேல்லை. எப்ப போ எண்டுவாங்களோ எண்டு. அலுமாரி இருந்தது, அதுக்குள்ளை பெட்டியைத்தான் வைச்சனான். உடுக்கிறதைத் தோச்சுப்போட்டுத் திரும்பப் பெட்டிக்குள்ளை மடிச்சு வைப்பன். அதுக்காகத்தான் தம்பி நான் உங்களோட காலமை காலமை இதுக்குள்ளை வந்து நிண்டது. வேற ஒண்டுக்குமில்லை.

— தெரியும்க்கா.

— தெரிஞ்சா வாயை மூடிக்கொண்டிருங்கோ.

— முடியாதுக்கா. உண்மையைச் சொன்னா பிர்கிதே புரிஞ்சுப்பாங்கன்னு நினைக்கிறேன். நல்ல மனுஷி.

— அவவுக்குத் தெரியும்.

— என்ன?

— பிர்கிதேக்குத் தெரியும் எண்டுறன். இண்டைக்கு நேற்றில்லை. ரெண்டு வருஷமாத் தெரியும்.

— விளையாடாதீங்கக்கா.

— இந்தத் தோளோட எனக்கு விளையாட்டே? அந்தக் கையுறை எரிஞ்ச நாள் நினைவிருக்கோ? என்ர ரப்பர் கையுறை ஹீட்டருக்கு மேல விழுந்து உருகினது. கொரிடோர் முழுக்க நாத்தம். நெருப்புப் பிடிச்சிட்டுது எண்டு அவ ஓடிவந்து கதவைத் திறக்க, நீங்கள் ஹீட்டருக்குப் பக்கத்தில இருந்து எழுதிக்கொண்டு, தலையை நிமித்திக் குட்மோர்ன் எண்டனீங்கள்.

— ஜலதோஷம்னு சொன்னேனே. சிரிச்சுட்டுப் போனாங்களே!

— உங்களுக்கு முன்னாலை சிரிச்சவ. பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப்போட்டுக் கேட்டவ, கிளாஸ் கழுவ ஏன் ஒருத்தி ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் நிக்கிறாள் எண்டு. எனக்கு என்ன பொய் சொல்லுறதெண்டு தெரியேல்லை. சொல்லிப்போட்டன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. ரெண்டு வருஷமா நான் அவங்க முன்னாடி கூசிக் கூசி நின்னது உங்களுக்குத் தெரியாதா? மீட்டிங்ல அவங்க கிளாஸை நீட்டும்போதெல்லாம் மோந்து பாக்கற மாதிரி நடிச்சேனே!

— தெரியும். பாத்துக்கொண்டுதான் இருந்தனான். சொல்லவேண்டாம் எண்டு அவ கேட்டவ. இருங்கோ, கோபப்படாமல் கேளுங்கோ. அவ சொன்னதை அப்பிடியே சொல்லுறன். பிழையான வைன் ஒண்டும் வெளியில போகேல்லை. அவரின்ர நாக்கும் படிப்பும், உன்ர மூக்கும் சேர்ந்து ஒரு முழு ஆள். எனக்கு அது காணும். ஆனா எனக்குத் தெரிஞ்சதா ஒரு இடத்திலயும் வரக்கூடாது. வந்தா நான் எழுதோணும். எழுதினா அது கோப்பன்ஹேகன் தலைமைக் கந்தோருக்குப் போகும். கடைக்காரங்களோட இருக்கிற ஒப்பந்தத்தில டேஸ்டருக்கு மூக்கு வேணும். அங்கை ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. ஒரு நாளிலை முடிச்சுவிடுவினம்.

— அப்படின்னாங்களா?

— அப்பிடித்தான். நீங்கள் போய் அவவிட்டைச் சொன்னா, அவ தெரிஞ்ச ஆளாய் நடக்க வேண்டி வரும். விளங்குதே? அவவை அந்த இடத்துக்குத் தள்ளாதேங்கோ.

— நாளைக்கு யாரு மோந்து பாப்பா? அதை யோசிச்சாங்களா?

— யோசிக்காமலே? போன மாசம் எனக்குக் கடைசி நாள் குறிச்ச உடனை, அவ அலுவல் பாக்கத் தொடங்கிட்டா. வாற திங்கள் ஒரு பிள்ளை வருது. வைன் படிச்ச பெட்டை, பயிற்சிக்கு. நீங்கள் பழக்கோணும். அவள் மணந்து மணந்து உங்களுக்குச் சொல்லோணும், பயிற்சியாம். நீங்கள் சரி பிழை பாக்கிறதாம். ஒரு வருஷத்துக்குப் போட்டிருக்கிறா.

— ஒரு வருஷம்.

— உங்களுக்குப் பதினொரு மாசம் காணுந்தானே. அவ எண்ணித்தான் போட்டிருக்கிறா. இண்டைக்குக் கேக் வெட்டின பிறகு அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட இருந்தவ. நான் முந்திச் சொல்லிப்போட்டன், தெரியாத மாதிரி நில்லுங்கோ.

— அக்கா...

— கடதாசி கைக்கு வரட்டும். பிறகு ஊர் முழுக்கச் சொல்லுங்கோ, நானும் வந்து பக்கத்தில நிக்கிறன். இப்ப அந்தக் கடைசிக் கிளாஸைத் தாங்கோ, முடிப்பம். ம்... பாருங்கோ. பஞ்சாமிர்தம். பேரீச்சம்பழமும் தேனும் முந்திரிகை வத்தலும். இது அந்தத் தீவுச் சாமான்தானே? பழத்தை வெயில்ல காயவிட்டுச் செய்யிறது?

— பாந்தெல்லேரியா. ஸிபிப்போன்னு ஒரு திராட்சை.

— எழுதுங்கோவன். ஏன் பேனையை வைச்சிட்டீங்கள்? ஏன் தம்பி உங்களுக்கு முகம் இப்பிடிப் போச்சு?

— பிர்கிதே எத்தனை மணிக்கு ஆபீஸ் வந்தாங்க?

— எட்டரைக்குக் காரை விட்டதைக் கண்டனான். கேக்கைத் தூக்கிக்கொண்டு நேர கன்டீனுக்குப் போனவ. இன்னும் தன்ர மேசைக்குப் போயிருக்கமாட்டா. ஏன்?

— இன்னைக்குக் காலைல பிரெடெரிசியா ஸ்டேஷன்ல ட்ரெயின் இறங்கினதும், பிளாட்பாரத்துல நின்னே மெயில் அனுப்பிட்டேன்க்கா. எல்லாத்தையும் எழுதிட்டேன். மூணு வருஷமா அந்த மூக்கு பவளராணியோடதுன்னு, உங்க பேர் ஒரு தடவையாவது எழுத்துல இருக்கட்டும்னு. பிர்கிதேக்கு மட்டும் அனுப்பலக்கா. கோப்பன்ஹேகனுக்கும் அனுப்பிட்டேன்.