கடலில் போட்ட கோடு

மரக்காணத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். எனக்கு முன்சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர். வெளியே உப்பளம் கண்கூச மின்னிக்கொண்டிருந்தது.

“கடல்ல கோடு போட்டுட்டாங்களாம்க்கா,” என்றாள் இளையவள். “ரேடியோவுல சொன்னான். எல்லா நாடும் பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். வெளிநாட்டுக் கப்பல் அதைத் தாண்டி வந்து மீன் பிடிக்கக்கூடாதாம்.”

“இன்னாத்தால போட்டாங்க, சுண்ணாம்புலயா? அலை அடிச்சா அழிஞ்சிடாது?”

“நெசமாக்கா. தாண்டி வந்த கப்பல் ஒண்ணை மெட்ராசுக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க.”

“நம்ம ஆளு தப்பா வலை போட்டா ஊர்ப் பஞ்சாயத்துல வலையைப் பிடுங்கிடுறாங்க. அவன் வலையைப் பிடுங்கினாங்களா?”

“அதுக்கு ரெண்டு நாடும் பேசணுமாம். அதுவரைக்கும் அவனுங்களுக்குச் சோறு போட்டு வெச்சிருக்காங்க.”

“அவன் அள்ளின மீனு?”

“ஏலம் விட்டுட்டாங்க. லாரியில பாண்டிச்சேரிக்குக்கூட வந்துச்சாம்.”

மூத்தவள் ஜன்னல் வழியாக வெற்றிலை எச்சிலைத் துப்பினாள்.

“அதான் நேத்து என் கூடையை ஒருத்தியும் எட்டிப் பார்க்கலையா! திருடனாச்சும் அவன் ஊர்ல கொண்டுபோய் வித்திருப்பான். அவனைப் பிடிச்சவன், என் எதிர்லயே கொட்டி வித்துட்டானே!”