முன்னாடியே சிவந்த கிளை

அதான்ணே கேக்குறேன், விடிஞ்சும் விடியாததுமா ரம்பத்தோட வந்து நிக்கணுமா? மனுஷங்க காப்பி குடிக்க வேண்டாமா? கீழ வைங்க அதை. இந்தாங்க, டோநட். ஆப்பிள் சாறு விட்டுப் பிசைஞ்சது, சூடு ஆறலை... எடுத்துக்கங்க. மரம் எங்க ஓடிடப் போகுது?

நான் பக்கத்து வீடு. எங்க தோட்டத்தைப் பாருங்க, அத்தனையும் பைன். வருஷம் முழுக்க ஒரே பச்சை. அக்டோபர்ல இலை சிவக்கறதைப் பாக்கணும்னு இந்த வெர்மாண்டுக்கு பஸ் பஸ்ஸா ஆள் வருது, எங்க பக்கம் ஒரு நாய் திரும்பாது. என் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு இந்த வீட்டு திபோ அம்மாவோட மேப்பிள் மரத்தைத்தான் படம் எடுக்கறான். நான் குப்பை வாளியும் கையுமா ஓரமா ஒதுங்கணும், படத்துல விழுந்துடாம. என்னா மரியாதை!

இதுல என் பிள்ளைங்களுக்கு விஞ்ஞானம் வேற. ஐடாவும் ஓரினும். வீட்டுலயே செஞ்சு பாருங்கன்னு எவனோ வீடியோ போட்டிருக்கான். பச்சை இலையைக் கசக்கி, ஸ்பிரிட்ல ஊறப்போட்டு, காப்பி வடிகட்டுற தாளைத் தொங்கவிடணுமாம். விட்டோம். பச்சை ஒரு கோடு, மஞ்சள் ஒரு கோடுன்னு தனித்தனியா ஏறுச்சு. மஞ்சள் மொதல்லேர்ந்தே உள்ள இருக்காம், பச்சை மறைச்சிட்டிருக்காம். அதோட விட்டுதுங்களா? "அப்ப சிவப்பு எங்கம்மா?"ன்னா ஐடா. அவங்கப்பாவைக் கேட்டா, "யோசிக்கிறேன்"னு கண்ணை மூடிக்கிட்டார். குறட்டைதான் வந்துச்சு, பதில் வரலை.

நானே தேடினேன்ணே. சிவப்பு உள்ள இருக்கறதில்லையாம். இலையில சர்க்கரை தேங்கினா புதுசா உண்டாகுமாம்... ஐயோ, கடிகாரத்தைப் பாக்காதீங்க. இன்னொரு டோநட்!

திபோ அம்மா நல்லவங்கதான். மார்ச் வந்தா அந்த மரத்துல வாளி தொங்கவிட்டு, வடியற சாறைப் பாகா காய்ச்சி, தெருவுக்கே குடுப்பாங்க. எனக்கு மட்டும் அடியில கலங்கினது. போகட்டும். ஆகஸ்டுலயே ஒரு கிளை செக்கச் செவேல்னு ஆனதும் அழுதுட்டாங்க. பருவத்துக்கு முன்னாடி சிவந்தா மரத்துக்குச் சீக்குன்னு இங்க சின்னக் குழந்தைக்கும் தெரியுமே. நான்தான் ஆப்பிள் கேக் செஞ்சு கொண்டுபோய் ஆறுதல் சொன்னேன். சாவைப் பத்தி ஒரு பேச்சு பேசினேன் பாருங்க, பாதிரியார் தோத்தார் போங்க. அதுக்காக உங்களைக் கூப்பிட்டு மரத்தையே வெட்டச் சொல்வாங்கன்னு யார் கண்டா?

என்ன அப்படிப் பாக்குறீங்க? சிவந்தது ஒரே கிளைதானே. அதுவும் வேலி தாண்டி எங்க பக்கம் நீட்டிட்டிருக்கற கிளை... சரி, சரி. ஏணியைப் போடுங்க. கிளை ஆரம்பிக்கற இடத்துல இலையை விலக்கிப் பாருங்க. கம்பி இருக்கும். பட்டையை நெரிச்சா சர்க்கரை கீழ இறங்காம இலையிலயே தேங்குமாம். ஜூலையில நான்தான் முறுக்கினேன். பின்ன, பிள்ளைங்க கையில குறடு குடுக்க முடியுமா? ஆபத்துல்ல!

சோதனை ஜோரா வந்துச்சு, அதையும் சொல்லணும்.

மரத்துக்கு ஒண்ணுமில்லண்ணே. கம்பியை நறுக்கிட்டு, "மருந்து வெச்சிருக்கேன், பிழைச்சுக்கும்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. உங்களுக்கும் நல்ல பேரு... ரம்பத்தை வண்டியில வெச்சுட்டீங்களா? மகராசனா இருங்க... அண்ணே? அங்க எதுக்குப் போறீங்க? அவங்க வீட்டு மணியை அடிக்காதீங்கண்ணே! அண்ணே... பிள்ளைங்க செஞ்சதுன்னாவது சொல்லுங்க!