வச்சிரவல்லியின் கதவு

இந்தப் பெஞ்சியில் மூட்டைப்பூச்சி இருக்கிறது, ஐயா. வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள், போய்விடும். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

நான் வந்தது எங்கள் வீட்டுக்காரருக்காக. அவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை. இன்று ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், இக்னேஷியஸ். ஸ்டானிஸ்லாஸுக்கு விஷம் வைத்தவர் என்று அவரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். செத்தவர் கட்டிவந்த ராணி வேஷம் இவருக்குக் கிடைத்தது, ஆகவே இவர்தான் என்று கணக்குப் போட்டீர்கள். கணக்கில் பாதி சரி. வேஷத்துக்காகத்தான் நடந்தது. செய்தது அவரில்லை, நான். என் பெயர் சிலுவையம்மாள். நிதானமாகச் சொல்கிறேன், குமாஸ்தாவை எழுதச் சொல்லுங்கள்.

முதலில் வச்சிரவல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. ஹார்பரிலும் ரயில்வேயிலும் வேலை செய்கிற எங்கள் கிறிஸ்து வேதக்காரர்கள் சேர்ந்து ராயபுரத்தில் ஒரு நாடக சபா வைத்திருக்கிறார்கள். பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான். அவர்கள் வருஷா வருஷம் போடுகிற நாடகத்தில் வச்சிரவல்லி ராஜாவின் தம்பி பெண்டாட்டி. தன் புருஷன் ராஜாவாக வேண்டும் என்று கோட்டையின் பக்கக் கதவைத் திறந்து எதிரிகளை உள்ளே விடுவாள். மூத்தாரான ராஜா சாவான், புருஷனுக்கு முடி வரும். உண்மை தெரிந்ததும் அந்தப் புருஷனே சபை நடுவில் அவளைக் காறித் துப்புவான். கொண்டவன் தூற்றினால் கண்டவனும் தூற்றுவான் அல்லவா, கொட்டகை முழுக்க எழுந்து நின்று அவளை ஏசும். கடைசியில் அவள் பைத்தியம் பிடித்து மதிலிலிருந்து குதிப்பாள்.

பேராசைக்காரி என்கிறார்கள். நான் பெண்கள் பகுதியில் மணலில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஐயா. அவள் தனக்கென்று ஒரு மூக்குத்திகூடக் கேட்பதில்லை. சிம்மாசனத்தில் ஒரு காட்சியிலும் உட்கார்வதில்லை. புருஷனுக்குள் ஒன்று இருந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை, இவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பேர் ஆசையா? பைத்தியம் பிடிப்பதெல்லாம் எழுதினவன் பயந்துபோய்ச் சேர்த்தது. வேலையை முடித்த பெண் படுத்துத் தூங்குவாள். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

ஸ்டானிஸ்லாஸ் அவளைப் பிசாசாக ஆடுவார். கண்ணை உருட்டுவார், பல்லைக் கடிப்பார். குரல் தேன், பாட ஆரம்பித்தால் கடற்கரை வரைக்கும் கேட்கும். புத்திதான் கிடையாது. மற்றபடி நல்ல மனிதர், என் மகள் ரோசியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். எங்கள் வீட்டுக்காரர் அதே நாடகத்தில் தோழியாக விசிறி வீசிக்கொண்டு நிற்பார். வீட்டில் அவருக்குப் பாடம் கேட்பது நான். ராணியின் பாட்டும் வசனமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

“அந்த வேஷத்தை நீங்க கேளுங்களேன்” என்பேன்.

“எனக்கு இன்னாத்துக்கு மே அது? அவன் என் தோஸ்து. விசிறிகினு நின்னா போதும் எனக்கு” என்பார்.

நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாட்டுக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. செந்தூரம் உள்ளே போனால் குரல் போய்விடும், ஆகாதவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று. ஸ்டானிஸ்லாஸ் கொட்டகைக்குத் தன் தண்ணீரைக் கூஜாவில் கொண்டுவருவார். யார் வெற்றிலை நீட்டினாலும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். என்னிடம் மட்டும் வாங்குவார். “தங்கச்சி கையால வாங்கிப் போட்டாத்தான் பாட்டே வருது” என்பார். வெற்றிலை போட்ட வாயில் எந்தச் சிவப்பு எதனுடையது என்று யார் பார்க்கிறார்கள்? ஐப்பசி மழையில் ஆரம்பித்தேன், சிட்டிகை சிட்டிகையாக. கிறிஸ்துமஸுக்குள் அவருக்குப் பேச்சே வெறும் காற்றாகத்தான் வந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கஷாயத்தில் நான் எதையும் கலக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேறு ஆளுக்கு ராணி வசனம் தெரியாது. வேஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கதவு திறக்கிற கட்டத்தில் பழைய வசனம் ‘ஏ விதியே’ என்று தொடங்கி நீண்டுகொண்டே போகும். அதை எடுத்துவிட்டு நான் ஒன்று சொல்லிக் கொடுத்தேன். கதவைத் திறக்கிறவள் ஏன் கத்த வேண்டும்? வீட்டு ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொல்லச் சொன்னேன். “கதவு திறந்திருக்கிறது. காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.”

பொங்கல் கழிந்து நடந்த ஆட்டத்தில் அவர் அதைச் சொன்னார். சுண்டல் விற்கிறவன்கூட வாயை மூடிக்கொண்டான். பக்கத்தில் இருந்த மீன்காரி பூமாரி என் தொடையைக் கிள்ளி, “யம்மா, இன்னா பேச்சு பேசறான் பாரு” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. அவருக்காகத்தான்.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நாற்பது நாள் தபசு காலத்தில் சபாவில் ஆட்டம் கிடையாது. ஸ்டானிஸ்லாஸ் விரத ஒறுத்தலாக அந்த நாற்பது நாளும் வெற்றிலையை விட்டுவிட்டார். இதை நான் யோசிக்கவில்லை. குரல் திரும்பிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை நடுப்பகலில் தபசு முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், முதல் வெற்றிலை என் கையால் வேண்டும் என்று. எங்கள் வீட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை சபாவில் மறுபடி ஆட்டம் வைத்திருந்தார்கள்.

“திங்கக்கெழம நீயே கட்டுடா. அந்தப் பொடவைல எனக்கு வேர்த்து ஊத்துது” என்றார்.

“கட்டறேன். ஆனா அந்தக் கதவு வசனம் இன்னாடா இக்னேஷு, வூடு பெருக்கறவ பேசற மாதிரி கீது? அத்தத் தூக்கிடறேன்.”

“தூக்கு, தூக்கு. எனக்கே அது புடிக்கல” என்று எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பேச்சுக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. கைக்கு வந்த வேஷத்தை இந்த மனிதர் தூக்கிக் கொடுக்கிறாரே என்றுதான் செய்தேன். அடுக்களைக்குப் போய் வெற்றிலை மடித்தேன். இந்தத் தடவை சிட்டிகை போடவில்லை, தாராளமாக வைத்தேன். மென்றுகொண்டே, “இத்தினி நாள் கழிச்சு இன்னா ருசி, தங்கச்சி” என்று இன்னொன்று கேட்டார். கொடுத்தேன். குரல் மட்டும்தான் போகும் என்று நினைத்ததாகச் சொல்லலாம். பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை. போதும் என்று தோன்றுகிற வரைக்கும் வைத்தேன். எதற்குப் போதும் என்று யோசிக்கவில்லை. அன்று சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஈஸ்டர் வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அடக்கத்துக்கு நானும் போனேன். அழுகை வரவில்லை.

நேற்றுக் கம்பிக்கு வெளியே நின்று எங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் கேட்டனா மே?” என்றார். கேட்கவில்லைதான். வச்சிரவல்லியின் புருஷனும் கேட்கவில்லை. இனி எந்த வேஷமும் கட்ட மாட்டேன் என்கிறார். அவரை வெளியே விட்டுவிடுங்கள், நாலு நாளில் மனசு மாறும். மாறாவிட்டாலும் பரவாயில்லை.

எழுதி முடித்தாயிற்றா? கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்டுவது சட்டம் என்றீர்கள். குமாஸ்தா வேண்டாம், அவருக்கு மூக்கால் பேச்சு. நீங்களே படியுங்கள், ஐயா. அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் உரக்கப் படியுங்கள். வராந்தாவில் பூமாரியும் இன்னும் சில பெண்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும்.