டிக்கியில்தான் இருக்கிறார்

"அங்கிள், இது ஆரின்ர கடவுள்? அவையிட்டக் கேட்டுத்தான் எடுத்தனீங்களோ?"

முன்வீட்டுச் செரீனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கையில் அன்னாசிச் சாறும் அதில் செருகிய புதினாக் கிளையுமாக என் வீட்டு நிலவறையில் மரச்சிலைக்கு முன்னால் நின்றாள். நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எது முதல் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும்.

"ஓம் பிள்ளை, கேட்டுத்தான் எடுத்தனான்" என்றேன். அது பொய். அடுத்த சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் அதைச் சொல்லிவிட்டேன். குழந்தையிடம் சொல்கிற பொய் எனக்கு ஒருபோதும் சிறிய விசயமாகத் தெரிந்ததில்லை.

என் பெயர் கஸ்பர். மன்னார், பேசாலையில் பிறந்தவன். வயது ஐம்பத்தெட்டு. மில்லிக்கனில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. வேர்ஹவுஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்று பூசைத்தாள் கொடுப்பேன். வருகிறவர்களின் பெயர் சொல்லி விசாரிப்பேன். உலகம் இவ்வளவு காலமும் கவிழாமல் நிற்பது இந்த மாதிரிச் சிறிய அன்புகளால்தான் என்பது என் நம்பிக்கை. பெரிய நன்மைகளுக்கு மோட்சத்தில் அர்ச்சிஷ்டவர்கள் இருக்கிறார்கள்.

துர்க்கா என்ற பிள்ளை இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார் என்றீர்கள். ஒரு சொல்லில் மட்டும் அவர் கவனமாக இருக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டிக்கி பார் என்பது பசிபிக் தீவு மாதிரிச் செய்த மதுச்சாலை. மூங்கில் சுவர், மங்கல் வெளிச்சம், மரத்தில் செதுக்கிய தெய்வ உருவங்கள். றம்மையும் பழச்சாறுகளையும் கலந்து தெய்வ முகம் வைத்த மண் குவளைகளில் தருவார்கள். அப்படி ஒரு தீவு உலகத்தில் எங்கும் இல்லை. வட அமெரிக்கக்காரர் தங்கள் மனதில் கட்டிய தீவு அது. நான் உண்மையான தீவிலிருந்து வந்தவன். இந்த இல்லாத தீவு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அங்கே என்னை நடத்திய விதம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு டவுன்ரவுனில் ஒரு ஹோட்டலின் டிக்கி அறையில் எனக்குக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. பார் பொறுப்பாக இருந்தவர் பெலிக்ஸ், பிலிப்பைன்ஸ்காரர். எனக்கு ஆங்கிலமும் இல்லை, நல்ல சப்பாத்தும் இல்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது றம் சேர்க்காத ஒரு குவளையைத் தயார் செய்வார். தேசிக்காய் அப்போதுதான் பிழிந்ததாக இருக்கும். ஐஸ் கான்வஸ் பைக்குள் போட்டு மரச்சுத்தியலால் உடைத்ததாக இருக்கும். மேலே ஒரு புதினாக் கிளை. விருந்தாளிக்கு வைப்பது போல எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த வருடம் முழுவதும் இந்த நாட்டில் என்னை மனிதனாக மதித்தது அந்தக் குவளை ஒன்றுதான்.

அந்த அறையை மூடியபோது வாசலில் நின்ற மரச்சிலையைக் குப்பை லொறியில் ஏற்ற வைத்திருந்தார்கள். "கொண்டு போ, துணைக்கு இருக்கும்" என்று பெலிக்ஸ் சொன்னார். அது அவருடையதும் அல்ல. என் நெஞ்சளவு உயரம், திறந்த வாய், பெரிய கண்கள். அதை நிலவறையில் வைத்து, அதைச் சுற்றி இருபது வருடமாக ஒரு சின்ன பாரை உருவாக்கினேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஆறேழு பேர் வருவார்கள். எல்லாரும் இந்தக் கலையில் ஊறியவர்கள். உள்ளே வந்ததும் கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசமாட்டார்கள். குவளையைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்து, அடியில் யார் செய்தது என்று பொறித்திருப்பதைப் பார்ப்பார்கள். ஸொம்பி என்ற பானத்தில் மூன்று வகை றம் இருப்பதால் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்பது பழைய வழக்கம். அதை நாங்கள் மீறியதே இல்லை. அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் சிலை எந்தத் தீவிலிருந்தும் வந்ததல்ல, ஹோட்டல்களுக்கென்றே ஒரு பட்டறையில் மெசின் வாளால் அறுத்துச் செய்தது என்று ஒருநாள் சொன்னார். நான் மறுக்கவில்லை. மாதா சொரூபமும் ஏதோ ஒரு பட்டறையிலிருந்துதான் வருகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் பகிடி. அவர்கள் முதலில் தேடுவது பானத்தில் செருகும் சின்னக் கடதாசிக் குடையை. கிளிபோட் அப்படித்தான் வந்தான்.

கிளிபோட் முன்வீட்டுக்காரன், செரீனாவின் தகப்பன். நாற்பத்திரண்டு வயது. எதற்கும் சிரிக்கிறவன். முதல் தடவை என் நிலவறைப் படியில் இறங்கியபோதே சத்தமாகக் கேட்டான்.

"என்னண்ணை, டிக்கி பார் எண்டு சொன்னியள். நான் கார் டிக்கியைத் திறந்து வைச்சுத் தண்ணி அடிக்கிற இடமாக்கும் எண்டு வந்தன்."

அவன் மனைவி அன்ரனெற் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "வாயை மூடுங்கோ. அண்ணை கோவிக்கப் போறார்."

நான் கோபிக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் விடுகிற பிழைதான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே சொல். அதற்குப் பிறகு எங்கள் வீதித் தமிழர் எல்லாரும் என் நிலவறையை 'கஸ்பரின்ரை டிக்கி' என்றே சொன்னார்கள்.

போன வருடம் கிளிபோட் அஜக்ஸில் ஒரு பிளாசாவுக்குள் விருந்து மண்டபம் எடுத்தான். அதற்கும் 'டிக்கி' என்றே பெயர் வைத்தான். சிலையை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டான். செரீனா கேள்வி கேட்ட நாளிலிருந்து அந்தச் சிலைக்கு நான் காவல்காரன் மட்டும்தான் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். ஆனாலும் அயலவன் கேட்டுவிட்டான். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு சக்கர வண்டியில் கட்டி, கம்பளி சுற்றி, நானே அவனுடைய வானில் ஏற்றிவிட்டேன்.

"கவனம் தம்பி" என்றேன்.

"உங்கட சாமியை என்ர கண்ணுக்குள்ள வைச்சுப் பாப்பன், அண்ணை."

ஒக்டோபர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நான் மண்டபத்துக்குப் போனேன். அடுத்த கிழமை திறப்பு விழா. ஐஸ் உடைக்கும் முறையைக் காட்டித் தருவதாகச் சொல்லியிருந்தபடியால் கான்வஸ் பையையும் மரச்சுத்தியலையும் கொண்டு போனேன். சுத்தியல் ஏன் கையில் இருந்தது என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். அவனுக்கு உதவி செய்யத்தான். மண்டபத்தில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. கண்ணை மூடுங்கோ. நான் சொன்னாத்தான் திறக்கோணும்."

மூடினேன். ஏதோ மெசின் உறுமியது.

"இப்ப திறவுங்கோ."

மண்டபத்தின் நடுவில் சிலை நின்றது. அதன் வாயிலிருந்து நீலக் கலரில் அரைத்த ஐஸ் கூழ் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் பூமாலை. பிடரியில் ஓட்டை போட்டு, விரல் தடிப்புக் குழாய் ஒன்றை வாய்வரைக்கும் விட்டிருந்தான்.

"எப்பிடி? சாமி சத்தி எடுக்குது. சனம் வீடியோ எடுத்தே களைச்சுப் போகும்."

"ஏன் தம்பி இதுக்கு ஓட்டை போட்டனீர்?"

"ஓட்டை போடாமல் எப்பிடியண்ணை வாயால வரும்? உள்ளுக்கு உளுத்த மரம். ட்ரில் பப்பாப்பழத்துக்குள்ள போனமாதிரிப் போச்சு." ஒரு கப்பில் அந்தக் கூழைப் பிடித்து என்னிடம் நீட்டினான். "முதல் ருசி உங்களுக்குத்தான். உங்களுக்கெண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அதை அவன் அன்போடுதான் சொன்னான். அவனுக்காக இதை எழுதுகிறேன். அவன் கெட்டவன் அல்ல. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் கப்பை வாங்கி மேசையில் வைத்தேன். மெசினை நிறுத்த அவன் குனிந்தான். நான் சுத்தியலால் அவன் பின்தலையில் அடித்தேன்.

அந்த அடி கோபத்தில் விழுந்தது. கோபம் பாவம். அந்த ஒரு அடிக்கு நான் எந்த நியாயமும் சொல்லப் போவதில்லை.

அவன் முழங்காலில் விழுந்தான். தலையைத் தடவி, கையில் பட்ட இரத்தத்தைப் பார்த்தான். "அண்ணை, மேலயிருந்து என்னவோ விழுந்திட்டுது" என்றான். நான் அடித்தேன் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

"பொறுங்கோ தம்பி" என்றேன்.

அம்புலன்ஸுக்கு அடித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அதையும் யோசித்தேன். அவன் பிழைத்திருப்பான். பிறகு என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியவந்திருக்கும். அண்ணை என்று நம்பிய ஒருவன் பின்னால் நின்று அடித்தான் என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மிச்சக் காலத்தை எப்படி வாழ்வது? அந்த வேதனையை அவனுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

கான்வஸ் பையை அவன் தலையில் மாட்டினேன். கீழே விரித்திருந்த புதுக் கம்பளத்தை அன்ரனெற் இரண்டு கிழமை கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்தெடுத்திருந்தாள். அதில் கறை பட்டால் கழுவப் போவதும் அவள்தான். "கட்டுப் போடுறன், ஆடாமல் இருங்கோ" என்றேன். ஆடாமல் இருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பாவங்களுக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னேன். பாதிவரைக்கும் அவனும் கூடச் சொன்னான். பிறகு வார்த்தைகள் குழறின.

இன்னும் நான்கு அடிகள். ஐஸ் உடைக்கும்போது பை முதலில் எதிர்க்கும், பிறகு இணங்கும். சத்தம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும், அதற்குமேல் அடித்தால் தண்ணீராகிவிடும் என்பது பெலிக்ஸின் கணக்கு. சத்தம் மாறியது. நிறுத்தினேன். கால்கள் இரண்டும் கொஞ்ச நேரம் கம்பளத்தை உரசிக்கொண்டிருந்தன. அவை அடங்கும்வரை அவன் கையை நான் விடவில்லை. அந்த நேரம் முழுவதும் மெசின் நீலமாகக் கக்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதையும் நிறுத்தினேன்.

சிலையைக் கொண்டுவந்த அதே இரண்டு சக்கர வண்டியில் அவனைக் கட்டி, பின்கதவால் என் காருக்குக் கொண்டு போனேன். அவனைப் பின்னால் வைத்தேன். சிலையைக் கழுவித் துடைத்து, முன் சீற்றில் இருத்தி, பெல்ற்றும் போட்டேன்.

401 நெடுஞ்சாலையில் ஏறுமுன் அன்ரனெற் எனக்குப் போன் அடித்தாள்.

"அண்ணை, உவர் எங்க? நாலுதரம் அடிச்சிட்டன், எடுக்கிறாரில்லை."

"டிக்கியிலதான் இருக்கிறார், பிள்ளை."

"என்ன செய்யிறார்?"

"படுத்திருக்கிறார்."

அவள் சிரித்தாள். "உந்த ஆளுக்கு இப்ப வீடும் டிக்கி, கட்டிலும் டிக்கி. எழும்பினா எனக்கு அடிக்கச் சொல்லுங்கோ."

"எழும்பினாச் சொல்லுறன்."

துர்க்கா பிள்ளை கவனமாக இருக்க வேண்டிய சொல் இதுதான். இரண்டு நாள் கழித்து நீங்கள் பொலிஸ் காரில் வந்து, அவனைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள். டிக்கியில் என்றேன். உங்களோடு வந்த அவர் அதை மண்டபம் என்று மொழிபெயர்த்தார். அது என் பிழை அல்ல. இந்த மூன்று மாதத்தில் நான் உங்களிடமும் சரி, அன்ரனெற்றிடமும் சரி, ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. நீங்கள் உங்கள் குறிப்புகளை எடுத்துச் சரிபார்க்கலாம்.

ஒஷாவாவுக்கு வடக்கே அவனைப் புதைத்த இடத்தை வரைபடத்தில் குறித்துத் தந்திருக்கிறேன். கையில் என் செபமாலை இருக்கிறது. ஆழமாகத்தான் தோண்டினேன். நரிகள் உள்ள இடம்.

என்னில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கிளிபோட் வேறு ஒருத்தியோடு போய்விட்டான் என்று சனம் கதைத்தது. அதை என் முன்னால் சொன்னவர்களை நான் கண்டித்தேன். கிழமைக்கு இரண்டு தடவை அன்ரனெற்றுக்குச் சோறு கறி கொண்டு போனேன். செரீனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டே வருவாள்.

இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்றால், போன ஞாயிறு பூசை முடிந்து அன்ரனெற் கோயில் வாசலில் நின்றாள். அவனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமாம். கோயில் கந்தோரில் பெயர் பதியும் அன்ரி, உயிரோடு இருக்கிறவருக்கா இறந்தவருக்கா என்று கேட்டிருக்கிறார். எழுதும் தாளில் அதற்கு இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் அடையாளம் போட வேண்டும்.

"நான் எதிலயண்ணை போடுறது?" என்றாள். பேனை கையில் இருந்தது. "செத்தவை எண்டு போட்டால் நானே அவரைக் கொன்றமாதிரி இருக்கு. உயிரோட எண்டு போட்டால், எங்களை விட்டிட்டுப் போனவர் எண்டு ஆகுது."

கடைசியில் ஒன்றும் போடாமல் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். ஒரு பெண் இப்படி அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஒரு சொல் சொன்னால் தீர்கிற கவலை அது. அவளிடம் நீங்கள் சொல்லுங்கள். இரண்டாவது பெட்டியில் போடலாம்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீர்களா என்றும் கேட்டீர்கள். இன்னும் இல்லை. அதற்கு உண்மையான மனஸ்தாபம் வேண்டும். முதல் அடிக்கு எனக்கு அது இருக்கிறது. மற்ற நான்கும் அவனுடைய நன்மைக்காக அடித்தவை. அவற்றுக்கும் மனஸ்தாபம் என்று சொன்னால் அது ஆண்டவரிடமே பொய் சொல்வதாகும்.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. போன மாரியில் எனக்குக் கடும் காய்ச்சல். எழும்ப முடியாமல் கிடந்தேன். மூன்று நாளும் யாரோ என் வாசல் பனியை வழித்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஜன்னலால் பார்த்தேன். கிளிபோட். வேலைக்குப் போகுமுன் வந்து வழித்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனான். நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல நினைத்து நினைத்துத் தள்ளிப் போய்விட்டது.

நேற்றுப் பெய்த பனி உங்களுக்குத் தெரியும். இன்று விடியும் நேரம், உங்களிடம் வருமுன், பனி வழிக்கும் என் சவளை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்தேன். அன்ரனெற்றின் வாசல் முழுவதையும் வழித்தேன். செரீனா வழுக்கி விழாமல் படிகளில் உப்புத் தூவினேன். கார்க் கண்ணாடியில் இருந்ததையும் தட்டிவிட்டேன். வீட்டில் லைற் எரியவில்லை. வீதியில் ஒருவரும் இல்லை. நான் கிளிபோட்டுக்குப் பட்டிருந்த கடன் அது ஒன்றுதான். இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது.