உத்தரவுக் கலுங்கு

எங்க அப்பன் பிறக்காத காலம். இதே செம்மறியேந்தல். சேவுகன்னு ஒருத்தன் இருந்தான், என் பாட்டனுக்கு அண்ணன். குறுக்கே பேசாமக் கேளுங்க.

பட்டாளத்துல சேர்ந்து கப்பலேறி பஸ்ராவுக்குப் போனான். அங்கே ஒரு விடிகாலை, பனிமூட்டம். எதிரே ஒரு உருவம் அசைஞ்சது. உத்தரவு வரலை. சுட்டுட்டான். விழுந்தது, தண்ணி மொண்டுட்டு வந்த அவன் கூட்டாளியாம்.

ஊர் திரும்பினான். தாலுகா கச்சேரியில காவலுக்குக் கூப்பிட்டாங்க. ஜமீன்ல கூப்பிட்டாங்க. ரெண்டுலயும் துப்பாக்கி. மாட்டேன்னுட்டான். ஊருக்குத் தலைவரான அம்பலத்துக்கிட்டப் போய் நின்னான்.

"அம்பலம், கலுங்குக் காவல் குடுங்க. தண்ணியை யாரும் சுட வேண்டியதில்லை."

"சொன்னபடி கேப்பியாடா?"

"உத்தரவில்லாமக் கை அசைக்க மாட்டேன்."

அம்பலத்துக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு ஆளைத்தானே தேடினார். கண்மாயில மிஞ்சின தண்ணி வழியுற கலுங்குல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகை செருகியிருக்கும். செருகினா கண்மாய்த் தண்ணி நிக்கும். பிடுங்கினா வழிஞ்சு ஓடும். "நான் சொல்லாமப் பலகையில கை வைக்காதே"ன்னார். காவல் கம்பைக் குடுத்தார்.

ஐப்பசி வந்தது. மழைன்னா மழை, அப்படி மழை. மகள் வீட்டுக்குப் போன அம்பலம் ஆத்துக்கு அக்கரையில மாட்டிக்கிட்டார். பட்டப்பகல்ல கண்மாய் கரையை முட்டுச்சு. கீழத்தெரு ஜனம் ஓடி வந்துச்சு.

"பிடுங்குடா பலகையை!"

"உத்தரவில்லை."

"எடேய், கரை போகுதுடா!"

"உத்தரவில்லை."

கிட்ட வந்தவன் நெஞ்சுல கம்பை வச்சு நிறுத்தினானாம். சேவுகன் பெண்டாட்டி ராக்காயி வந்து கத்தினாளாம்.

"உன் பட்டாளத்துப் பவுசைத் தண்ணியில போடுய்யா! பிள்ளை வீட்டுல கிடக்கு!"

அவளுக்கும் அதே பதில். பிள்ளையைத் தூக்க வீட்டுக்கு ஓடினா. கரை உடைஞ்சது. கீழத்தெரு போச்சு. ராக்காயி போனா. பிள்ளையும் போச்சு.

தண்ணி வடிஞ்சு அம்பலம் வந்து சேர்ந்தார். சேவுகன் கலுங்கு மேலயே நின்னான், விறைப்பா.

"ஏண்டா பிடுங்கலை, பாவி?"

"நீங்க சொல்லலையே."

அம்பலம் உடைஞ்ச கரையைப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க"ன்னானாம்.

அம்பலம் தலையை மட்டும் ஆட்டினாராம். ஒவ்வொரு பலகையாப் பிடுங்கிப் போட்டான். கண்மாயில நாய் நக்கத் தண்ணியில்லை. கடைசிப் பலகையைப் போட்டுட்டு, கம்பை அவர் காலடியில வச்சான். தெக்கே பார்த்து நடந்தான். அப்புறம் அவனை யாரும் பார்க்கலை.

அன்னையிலிருந்து இது உத்தரவுக் கலுங்கு. கலுங்குக் காவலுக்குப் புது ஆள் வச்சா, அம்பலம் துண்டால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் கம்பைக் குடுக்கணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது.

வாயை ஏன் பொத்துறார்னு கேட்டீங்களே. இதான். எந்திரிச்சுப் போங்க.