பரவாயில்லை ரகம்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீ பரவாயில்லை, மேடம். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சூடு சரியாக இருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல், தூள் போட்டவருக்குக் கை வரவில்லை. பத்துக்கு ஆறு போடலாம். எதைக் கொடுத்தாலும் மார்க் போடுவது என் தொழில் புத்தி. எனக்குக் கல்யாணம் ஆகாததற்கே அதுதான் காரணம் என்று தங்கை கேலி செய்வாள். செய்வாள் என்ன, செய்துகொண்டிருந்தாள்.

நான் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறவன். பெரிய கம்பெனி விளையாட்டுகளை ஆசிரியரே வைத்துக்கொள்வார். குப்பைகளைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கிக்கொள்வார்கள். குப்பையைத் திட்டி எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள். நடுவில் இருப்பதெல்லாம் என் தலையில். ஆஹா என்று தூக்கி வைக்கவும் முடியாது, சீ என்று தள்ளவும் முடியாது. அவற்றுக்கு என் கட்டுரையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: பரவாயில்லை. கீழே கட்டத்துக்குள் ஆறு. ஆபீசில் எனக்கு ஆறுமுகம் என்றே பட்டப்பெயர். நான் கோபித்துக்கொண்டதில்லை. சின்ன விளையாட்டுகளுக்கு நான் போட்டதுதான் மார்க். மற்ற இணையதளங்கள் என் கட்டுரை வரும்வரை பொறுத்திருந்து, அரை கூட்டியோ குறைத்தோ போட்டுக்கொள்ளும்.

மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். என் தங்கையின் கணவர். வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் ஒண்டி ஆளாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்தார். தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கணவர் ஏதோ பெரிதாகச் செய்கிறார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இருபது வருடம் எழுதியதை அவள் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. அதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

விளையாட்டில் நீங்கள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். உயரமான ஒரு கட்டடம். வரைபடம் கிடையாது, புள்ளிகள் கிடையாது, வில்லன் கிடையாது. சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் இடத்தில் விளக்கு அணைந்து லிஃப்ட் நின்றுபோய், இரண்டு மாடிகளுக்கு நடுவே நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். கூட ஒரு பெண். ஒரே இருட்டு. லிஃப்டின் ரீங்காரம் மட்டும் கேட்கும். அவள் பேசுவாள். கையில் மகனுக்கு வாங்கிய செருப்பு இருக்கிறதாம். வளருகிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினாளாம். மகன் இப்போது எங்கே என்பது அவள் சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடும். பிறகு இருட்டில், "நீங்க இருக்கீங்கல்ல?" என்று கேட்பாள். பதில் சொல்ல ஒரு பட்டனும் வேலை செய்யாது. அவளோடு சும்மா இருப்பதுதான் பதில். அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தது என் தங்கை.

முதல் தடவை அந்த இடம் வந்தபோது நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று வெயில் அதிகம்.

அப்புறம் உட்கார்ந்து எழுதினேன். நல்ல முயற்சி, காத்திருப்புகள் சலிப்பூட்டுகின்றன, பரவாயில்லை, ஆறு. சொந்தக்காரன் என்று தூக்கிப் பிடித்தான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது, பாருங்கள். உறவு என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

மாப்பிள்ளை சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. மறுநாளே என்னிடம் வந்து, "எங்க சறுக்குனேன் மச்சான்? நீங்களே சொல்லுங்க," என்றார். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? வரைபடம் வைக்கச் சொன்னேன், வைத்தார். புள்ளிகள் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். அந்த இருட்டைச் சுருக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் ரொம்ப யோசித்தார். "அதுதான மச்சான் உயிரு?" என்றார். உயிரையெல்லாம் யார் விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேட்டேன். சுருக்கினார். அப்புறம் எடுத்தே விட்டார். அந்த இடத்தில் கத்தியோடு துரத்துகிற ஒருவனை வைக்கச் சொன்னதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாக விளையாடி, புதிதாக எழுதி, அதே ஆறைப் போட்டேன்.

கடைசியாக வந்ததை விளையாடியபோது மனசுக்கு அவ்வளவு நிம்மதி. அப்பழுக்கில்லாத ஆறு. என் தீர்ப்பு ஒருநாளும் தப்பியதில்லை, மேடம். விளையாட்டு அதை வந்து சேரத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

இடையில் மாப்பிள்ளை ஆளே உருகிப் போனார். சாப்பாடு போட்ட தட்டு அப்படியே இருக்கும். பின்னறைக் கதவைப் பூட்டிவிட்டு ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போனார். தங்கை என்னிடம்தான் அழுவாள். "அவருக்கு நீதான்ணா தைரியம் சொல்லணும்." சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எல்லோராலும் எல்லாம் முடியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

அந்தக் கடைக்கு ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். விளையாட்டைச் செய்தவர் இவர்தான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. "அந்த இருட்டு எங்க சார் போச்சு? எங்கப்பா போனதுக்கப்புறம் நான் அதுக்குள்ளதான் உக்காந்திருப்பேன். இப்ப எவனோ கத்தியத் தூக்கிட்டு ஓடியாறான்," என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பழையது அவரிடமே இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் மேலேயே செய்துவிட்டார், அப்படிப்பட்ட அசட்டு மனுஷர். வாங்கினவர்களிடமும் புதியது வந்ததும் பழையது தானாக அழிந்துவிடும். விமர்சனத்துக்கென்று எனக்கு அனுப்பிய முதல் காப்பி ஒன்றுதான் பாக்கி.

அன்று மதியம் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. நாலு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே நர்ஸ் சொன்னதைச் சொன்னார். "பழசையே திரும்ப விட்டுடலாம்னு இருக்கேன் மச்சான். அந்தக் காப்பி உங்ககிட்ட இருக்குமே?"

"அதை அப்பவே அழிச்சிட்டேன் மாப்பிள்ளை," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்த ரீங்காரம் கேட்டது. வாசல் மணி அடித்ததும் விளையாட்டை நிறுத்தாமல் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தேன். கவனக்குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். செய்த மனுஷனுக்குத் தன் லிஃப்டின் சத்தம் தெரியாதா? போய்க் கதவைத் திறந்தார். திரை முழுக்க இருட்டு. தங்கையின் குரல் செருப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் கத்தியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இன்னும் விளையாடுறீங்களா மச்சான்? அப்போ நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர். அந்தச் சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "வாயுவா இருக்கும்," என்று அவரே சொன்னார். வாயு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. என் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சாரியில் ஆஸ்பத்திரி. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய போன் அடித்தது. தங்கை. எடுத்து, நான்தான் பேசுகிறேன் என்றேன்.

"அண்ணா, காலைலயே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரு. மனசே சரியில்ல. எப்படி இருக்காரு? ஆம்புலன்ஸ் கூப்பிடவா, நான் கெளம்பி வரவா?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். எதையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், அது என் வழக்கம்.

"பரவாயில்லம்மா," என்றேன். "வாயுதான். நீ கிளாஸைப் பாரு."

"நீ பக்கத்துல இருக்கேல்ல, அது போதும்ண்ணா," என்று வைத்துவிட்டாள்.

நான் சொன்னது மாப்பிள்ளை காதில் விழுந்தது. என்னையே பார்த்தார். உதடு ஒரு பக்கமாகச் சிரிக்கப் பார்த்தது. "எனக்கும் ஆறுதானா மச்சான்?" என்றார்.

 எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளறையிலிருந்து தங்கை, "நீங்க இருக்கீங்கல்ல?" என்று கேட்டாள். அழுத்துவதற்குத்தான் பட்டன் ஏதும் இல்லையே என்று தோன்றியது. போன் என் கையிலேயே இருந்தது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன்.

நான் பேசியபோது பின்னால் தன் குரலே தனக்குக் கேட்டதாகத் தங்கை உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சாவு வீட்டில் அவளிடம், அழிந்துபோய்விட்டதே என்று நான் அழுது புலம்பிய அந்தப் பழைய விளையாட்டு என் வீட்டில் எப்படி ஓடியது என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கணக்கு டீச்சர், விடை சரியாக வரும்வரை விடமாட்டாள். எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. அவரைக் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை; வேண்டுமென்றேதான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

விளையாட்டு எப்படி என்று கேட்டீர்கள். என் கருத்தில் மாற்றமில்லை. பரவாயில்லை ரகம்தான், ஆறுக்கு மேல் ஒரு புள்ளி தேறாது. என் மெஷினை எடுத்துவர உங்கள் ஆட்கள் போயிருப்பதாகச் சொன்னார்கள். வயரைப் பிடுங்கி அணைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், மேடம். நான் இருட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், தங்கை பேச்சின் நடுவில் இருக்கிறாள். யாராவது ஒருவர் அவளோடு கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.