படிக்கத் தெரிந்த பெண் இருந்த வீடு

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டவர்களை நான் ஜங்லிகாட் பஜாரில் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கும். பின்கழுத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். வருமான வரிக் கணக்கும் அப்படித்தான். சொந்தத் தொழில் செய்கிறவன் தன் கணக்கைத் தானே எழுதலாமா என்று யார் கேட்டாலும், கூடாது என்றுதான் சொல்வேன். பல வருஷமாக அதைத்தான் சொல்லிவருகிறேன். இன்றைக்கும் என் கருத்து மாறவில்லை.

நீங்கள் கேட்டது அதுவல்ல. ராஜமாணிக்கத்தின் மகள் சுசீலா ஸ்டேஷனில் தமிழில் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டதை இங்கிலீஷில் டைப் அடித்துத் தரச் சொன்னீர்கள். வழக்கமாக நான் செய்கிற வேலைதான். நீங்கள் வங்காளி, தமிழ் தெரியாது. ஸ்டேஷனில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர் உண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்க அவர்களுக்கும் வராது. அதனால் தமிழ் ஆட்கள் சமாசாரம் எதுவானாலும், "சொக்கலிங்கம் கோ புலாவ்" என்று ஆள் அனுப்புவீர்கள். நானும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை காகிதத்தை மிஷினில் மாட்டிவிட்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "வரி ஃபாரத்துல நாந்தான் என்னமோ தப்பா எழுதிட்டேன். அதனாலதான் எங்கப்பா செத்துட்டாரு" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அது உண்மையில்லை. அவள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதைக் கையால் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். அரிசிக்கடை வராந்தாவில் ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், ஒரு பெஞ்சு. சிவகங்கைப் பக்கமிருந்து ஒரு மரக் காண்ட்ராக்டருக்குக் கிளார்க்காக இந்தத் தீவுக்கு வந்தவன். அவர் தொழிலை மூடிவிட்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. போய் யார் வீட்டில் இறங்குவது? தனிக்கட்டை. வருஷம் பூராவும் ஒன்றிரண்டு மனு வரும், அவ்வளவுதான். ஜூன் மாதம் மட்டும் என் பெஞ்சில் இடமிருக்காது. கொத்தனார், தையல்காரர், படகுத் தச்சர் எல்லோரும் வரிக் கணக்கு எழுத வருவார்கள். வந்தவர்கள் அதோடு போய்விட மாட்டார்கள். பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்பார்கள், அண்ணன் தம்பி சண்டையைச் சொல்வார்கள். "நீங்க சொன்னாச் சரிங்க" என்பார்கள். ஐயா, அந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொண்டுதான் மற்ற மாதங்களை ஓட்டினேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கூலியும் பெரிதாக வாங்கியதில்லை. படகுத் தச்சர் சிலுவைராஜ் சூரை மீன் கொண்டுவந்து போடுவார். ராஜமாணிக்கம் என் ஸ்டவ்வைப் பிரித்துத் துடைத்து, வாஷர் மாற்றிக் கொடுப்பான். அவனுக்கு ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் ரிப்பேர்தான் தொழில். நான் ஃபாரத்தை எழுதி, ஒரு வட்ட சீலைக் குத்தி, அடிப்பாதியைக் கிழித்து அவர்கள் கையில் கொடுப்பேன். மேல்பாதி கப்பலில் கல்கத்தா வரி ஆபீசுக்குப் போகும் என்று சொல்வேன்.

அந்தக் கிழித்த பாதியை ராஜமாணிக்கம் வாங்குகிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் தொடுவான். அவன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். நீ இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று ஒரு நாள் நோட்டீஸ் வந்தது. பெண்டாட்டி செல்லத்தையும் கைக்குழந்தை மாதிரி இடுப்பை விட்டு இறங்காத சுசீலாவையும் கூட்டிக்கொண்டு, தகரப்பெட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறினான். மண்டபம் முகாம், பிறகு கச்சால் தீவு ரப்பர் தோட்டம், பிறகு இந்த ஊர். "அங்கிட்டு எங்ககிட்ட ஒரு பேப்பரும் இல்லீங்க கிளாக்கரய்யா. அதான் வெரட்டிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். "இது இருந்தா வெரட்ட மாட்டாங்கல்ல?" என்று கேட்டான். மாட்டார்கள் என்றேன். அவன் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொடுத்தேன்.

கல்கத்தாவுக்கு நான் எதையும் அனுப்பியதில்லை. அனுப்ப வேண்டியதும் இல்லை. அவர்கள் சம்பாதிக்கிற சம்பாத்தியத்துக்கு வரியே கிடையாது, கணக்கே எழுத வேண்டாம். ஃபாரத்தோடு வருகிற குறிப்பில் முதல் பக்கத்திலேயே அது அச்சாகி இருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். வட்ட சீல் காண்ட்ராக்டரின் பழைய மரக்கிடங்குச் சீல். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பயந்த மனுஷர்களுக்கு ஒரு தைரியம். எனக்கும் பேச ஆள்.

இந்த வருஷம் ராஜமாணிக்கம் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். "ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்? பாப்பா இப்ப ஹைஸ்கூலு. அதுவே எழுதுறேங்குது." சொல்லும்போது பெருமை தாங்கவில்லை அவனுக்கு. சின்னப்பிள்ளை, தப்பாக எழுதிவிடும் என்றேன். "ஒரு வாட்டி எழுதிப் பாக்கட்டும்ங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிலுவைராஜ் வந்தார். "ஓய் சொக்கலிங்கம், ராஜமாணிக்கம் மவ என்னமோ சொல்லுதே. நமக்கெல்லாம் வரியே கெடையாதாமே? இம்புட்டு வருசமா என் மீனைத் தின்னீரே வே" என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்தப் பெண் வீட்டிலும் அதைத்தான் சொன்னாளாம். அப்பன் கேட்கவில்லையாம். "வரி இல்லாட்டியும் எழுதிப் போடு. பேப்பர் இருந்தாத்தான் நாம இந்த ஊர்க்காரங்க" என்று எழுதவைத்துத் தபாலில் போட்டுவிட்டான். பெஞ்சு காலியாகக் கிடப்பதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும் என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு நோட்டீஸ் டைப் அடித்தேன். கணக்கில் குறை இருப்பதால், மெயின்லேண்ட் கப்பல் புறப்படும் நாளில் ராஜமாணிக்கம் குடும்பத்தோடு, பெட்டி படுக்கையோடு ஹேடோ துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டும், தவறினால் கைது. அதே சீலைக் குத்தி, அவன் கடைக்கதவுச் சந்தில் செருகிவிட்டு வந்தேன்.

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவான், நான் படித்துப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதே, நான் எழுதிச் சரிபண்ணுகிறேன்" என்பேன், பழையபடி எல்லோரும் வருவார்கள். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆறிப்போனது. அவன் வரவில்லை. வீட்டிலேயே படிக்க ஆள் இருந்ததே. சுசீலா ஒரு வார்த்தை பிசகாமல் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

கப்பல் புறப்படும் நாளன்று மனசு கேட்காமல் ஹேடோவுக்குப் போனேன். கிடங்குச் சுவர் ஓரமாக மூன்று பேரும் இருந்தார்கள். அதே தகரப்பெட்டி. செல்லம் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ராஜமாணிக்கம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"ஒங்க பேச்ச மீறிட்டோம்ங்க. ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏதாச்சும் செய்ய முடியுங்களா கிளாக்கரய்யா?" என்றான்.

முடியும். இது செல்லாது, வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்தப் பெண் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்தாள். ஏன் செல்லாது என்று கேட்டிருப்பாள். கேட்கிற பெண் அவள். சுற்றிலும் துறைமுக ஆட்கள், போலீஸ், தெரிந்த முகங்கள்.

"இப்ப வந்து கேட்டா நான் என்னப்பா பண்ணுவேன்? கைமீறிப் போச்சே" என்றேன்.

அவன் தலையாட்டினான். அவள் கையிலிருந்து நோட்டீசை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "போய்ட்டு வாறோம்ங்க" என்றான். பத்திரமாகப் போய் வாருங்கள் என்று நானும் சொன்னேன். அது வாயில் தானாக வந்தது.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். டிக்கெட் இல்லாதவர்களைக் கப்பல் படியேற விடவில்லை. "டிக்கெட் கஹாங் ஹை? ஹட்டோ, ஹட்டோ" என்று ஒதுக்கினார்கள். நோட்டீசை நீட்டினான், வேலை மும்முரத்தில் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. சங்கு ஊதிப் படியைத் தூக்கத் தொடங்கினார்கள். கப்பலைத் தவறவிட்டால் கைது என்று காகிதத்தில் இருக்கிறதே. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தூக்குகிற படியில் கால் வைத்தான். கப்பலுக்கும் துறைக்கும் நடுவில் விழுந்தான். பெட்டி மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது. செல்லம் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நோட்டீஸ் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான்தான் செய்தேன். நோட்டீஸ் என் மிஷினில் அடித்தது. கண்ணெதிரே நின்று கேட்டவனுக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. பாவம், அந்தப் பெண் இப்போது எந்தக் காகிதத்தையும் தொடுவதில்லையாம். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். செத்துப்போனவருக்கும் கணக்கு எழுதிப் போட வேண்டுமா என்று செல்லம் வந்து கேட்டாள். வேண்டும் என்றேன். எழுதிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. சிலுவைராஜும் வந்தார். "நமக்கு எதுக்குவே வம்பு? நீரே எழுதும்" என்றார். பெஞ்சு நிறைந்திருக்கிறது.

ஆனாலும் ஐயா, நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரு பெண் இல்லாதிருந்தால் அவன் நேரே என்னிடம்தான் வந்திருப்பான். இன்றைக்கு உயிரோடு இருப்பான்.

எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிட்டேன். தாய்மொழியில்தான் மனம் திறந்து எழுத வருகிறது. இதை இங்கிலீஷில் மாற்றித் தர ஆள் வேண்டுமென்று நாளைக் காலை எனக்குத்தான் சொல்லி அனுப்புவீர்கள். வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று அப்போது நானே பார்த்து, நல்லபடியாகச் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
சொக்கலிங்கம்